குடும்ப நிலத்தின் வரவு செலவு: வாசகர் கேள்வி பதில்

நிலத்தின் பணக் கணக்கைக் குடும்பத்துக்குள் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகள் இந்த இதழுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர்கள் தரப்படவில்லை. ஊரும் பயிரும் மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளன.

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது. சென்ற ஆண்டு அப்பா காலமான பிறகு நானும் அம்மாவும்தான் சாகுபடியைக் கவனித்து வருகிறோம். அப்பா கணக்கு முழுவதையும் மனத்திலேயே வைத்திருந்தார். சம்பா நெல் விற்ற பணம் மாசி மாதத்தில் வங்கிக்கு வருகிறது. ஆனால் குறுவைக்கு உழவு ஓட்டும் நேரத்தில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நான் வணிகவியல் படித்தவள் அல்ல. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வணிகவியல் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. கூட்டவும் கழிக்கவும் தெரிந்து, அன்றன்றைக்கு நடந்ததை அன்று மாலையே எழுதிவைக்கும் பழக்கமும் வந்துவிட்டால், ஐந்து ஏக்கர் நிலத்தின் கணக்கைப் பார்க்க அது போதும். உங்கள் கடிதத்தில் நீங்கள் அறியாமலேயே விடையின் பாதியை எழுதியிருக்கிறீர்கள். மாசியில் வந்த பணம் ஆனிக்குள் தீர்ந்துவிடுகிறது என்றால், இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சித்திரைத் திருவிழா, வைகாசித் திருமணங்களுக்கு வைக்க வேண்டிய மொய், ஜூன் மாதத்தில் பள்ளி, கல்லூரிக் கட்டணம், கோடையில் ஓடு மாற்றுவது போன்ற வீட்டு மராமத்து என்று, நெல் பணம் கையில் இருக்கும் என்பதை நம்பியே ஆண்டின் பெரிய வீட்டுச் செலவுகள் அத்தனையும் அந்த நான்கு மாதங்களில் வந்து நிற்கின்றன. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்து தண்ணீர் வரும்போது, நாற்றங்காலுக்கும் உழவுக்கும் கடன் தேட வேண்டியதாகிறது.

மாசியில் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும் தொகை முழுவதும் வருமானம் அல்ல. அதில் ஒரு பகுதி சம்பாவுக்காக வாங்கிய கடனுக்கும் உரக்கடை பாக்கிக்கும் உரியது. மற்றொரு பகுதி அடுத்து வரும் குறுவையின் முதலீடு. இவ்விரண்டும் போக எஞ்சுவதே வீட்டுக்கு உரியது. ஆகவே பணம் வந்த அந்த வாரத்திலேயே கடனையும் பாக்கியையும் கட்டிவிட்டு, குறுவைக்கு எவ்வளவு தேவைப்படும் என்று சென்ற ஆண்டுச் செலவைக் கொண்டு மதிப்பிட்டு, அந்தத் தொகையை நான்கு மாத வைப்பாகப் போட்டுவிடுங்கள். கிடைக்கும் வட்டி பெரிதாக இராது. அவசரத்துக்கு எடுத்துவிட முடியாதபடி அந்தப் பணம் தனியே இருப்பதுதான் பயன். அதற்குப் பிறகு எஞ்சியதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் ஒரே தொகையை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இயலுமானால் நிலத்துக்கு ஒரு வங்கிக் கணக்கும் வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்குமாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் அப்போது தானாகவே பதிவாகும்.

எழுதுவதற்கு ஒரு நீளமான நோட்டு போதும். தேதி, எந்த வயல், என்ன வேலை, யாருக்குக் கொடுத்தது, எவ்வளவு, ரொக்கமா பாக்கியா என்ற ஆறு விவரங்கள் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். வயலின் பெயரை எழுதுவது பலருக்கும் வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் ஆற்றங்கரை ஒரு மா நிலத்தில் மட்டும் களை எடுக்கும் கூலி மற்ற இடங்களைவிடக் கூடுதலாக ஆகிக்கொண்டே இருக்கிறது என்பது அப்படி எழுதினால்தான் வெளிப்படும். சாப்பாட்டுக்கென்று வீட்டில் நிறுத்திவைக்கும் நெல்லையும் அன்றைய விலைக்கு விற்றதாக வரவில் எழுதி, அதே தொகையை வீட்டுக்கு எடுத்ததாகப் பற்றில் எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் நிலம் உங்களுக்குச் சோறு போட்டது கணக்கில் வராமலே போய்விடும்.

கணக்கு ஆண்டைப் பற்றியும் ஒரு சொல். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பது அலுவலகங்களின் ஆண்டு. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேடு, ஜூலை 1ஆம் தேதி தொடங்கி ஜூன் 30ஆம் தேதி முடியும் பசலி ஆண்டைப் பின்பற்றுகிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. டெல்டா விவசாயிக்கு இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து, ஏனென்றால் சம்பாவும் தாளடியும் விதைப்பிலிருந்து விற்பனை வரை ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. குறுவைக்காக ஜூன் மாதத்தில் செய்யும் செலவு மட்டும் முந்தைய ஆண்டில் விழும். ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் நோட்டில் தனிப் பக்கங்கள் ஒதுக்கி, ஜூனில் வாங்கிய விதையானாலும் உரமானாலும் அது எந்தப் போகத்துக்கு உரியதோ அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கணக்கைத் தொடங்கும் முன் அப்பாவின் கொடுக்கல் வாங்கலைத் தேடி எடுக்க வேண்டும். உரக்கடை, டிராக்டர் உரிமையாளர், அறுவடை இயந்திரத்தைக் கொண்டுவரும் தரகர், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகிய நான்கு இடங்களுக்கும் அம்மாவுடன் நேரில் சென்று, அப்பா தர வேண்டியதையும் அவருக்கு வர வேண்டியதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டாவை உங்கள் பெயர்களுக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பயிர்க்கடன், ஆண்டுக்கு மூன்று தவணையாக 6,000 ரூபாய் வரும் பிரதமரின் விவசாயி உதவித்தொகை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கான சிட்டா, அடங்கல் என எல்லாமே நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியில் வந்து நிற்பவை.

கேள்வி: நானும் என் மனைவியும் வயலில் இறங்கி வேலை செய்கிறோம். எங்கள் உழைப்புக்கும் கூலி எழுத வேண்டுமா? அப்படி எழுதினால் எந்த ஆண்டும் லாபமே வராது என்று நண்பர் சொல்கிறார். (சீர்காழி)

பதில்: எழுதத்தான் வேண்டும். லாபம் வராது என்று தெரிந்தால், தெரிந்துகொண்டது நல்லதுதான். ஓர் ஏக்கர் சம்பாவை எடுத்துக்கொள்வோம். இங்கே தரும் செலவுகள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 22 குவிண்டால் விளைந்து, 2025–26 பருவத்தில் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரகத்துக்குக் கிடைக்கும் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்ற விலைக்கு விற்றால், வரவு 55,000 ரூபாய். உழவு, விதை, நடவு, உரம், களை, மருந்து, அறுவடை, வண்டி வாடகை என்று கையிலிருந்து கொடுத்தது 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25,000 ரூபாய் மீந்ததாகத் தோன்றும். பம்புசெட்டுக்கும் மருந்து தெளிப்பானுக்கும் தேய்மானமாக 2,000 ரூபாயும், நீங்கள் இருவரும் செய்த வேலைக்கு ஊர்க் கூலிப்படி 9,000 ரூபாயும் கழித்தால் 14,000 ரூபாய் நிற்கும். இதே நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 12,000 ரூபாயையும் கழித்தால் எஞ்சுவது 2,000 ரூபாய்.

இப்படிப் படிப்படியாகக் கழிப்பது நான் கண்டுபிடித்த முறை அல்ல. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் இதே அடுக்குகளில்தான் சாகுபடிச் செலவைக் கணக்கிடுகிறது. ரொக்கச் செலவும் தேய்மானமும் ஒரு நிலை. அதனுடன் குடும்ப உழைப்பின் மதிப்பு சேர்ந்தால் அடுத்த நிலை. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலின் வட்டியும் சேர்ந்தால் முழுச் செலவு. குடும்ப உழைப்பு சேர்ந்த இரண்டாவது நிலையின் மீதுதான் இப்போது குறைந்தபட்ச ஆதரவு விலை ஒன்றரை மடங்காக நிர்ணயிக்கப்படுகிறது. அதை மூன்றாவது நிலையான முழுச் செலவின் மீது கணக்கிட வேண்டும் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். தன் வீட்டுக் கணக்கிலேயே இந்த மூன்று நிலைகளையும் எழுதிப் பார்க்கும் விவசாயிக்கு அந்தப் போராட்டம் எதைப் பற்றியது என்று எவரும் விளக்க வேண்டியிராது.

உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. கூலியை எழுதுவதால் உங்கள் பணம் குறைந்துவிடுவதில்லை; 25,000 ரூபாய் கையில் இருக்கத்தான் செய்கிறது. அதில் எவ்வளவு உழைப்புக்கு, எவ்வளவு நிலத்துக்கு, எவ்வளவு உங்கள் முடிவுகளின் திறமைக்கு என்று பிரித்துத் தெரிகிறது, அவ்வளவுதான். கூலி என்று எழுதும்போது உங்கள் மனைவியின் நாட்களையும் தனியே எழுதுங்கள். நாற்றுப் பறிப்பது முதல் களத்தில் நெல்லைக் காயவைப்பது வரை பெண்கள் செய்யும் வேலை ‘வீட்டு வேலை’ என்ற பெயரில் கணக்குக்கு வெளியிலேயே நின்றுவிடுவது நம் ஊர்களில் நெடுங்காலமாக நடந்துவரும் அநியாயம்.

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்துக்கும் வங்கிக்கும் கடனுக்காக அலைவதைவிட, நெல் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது எளிதாக இருக்கிறது. அவர் வட்டியே கேட்பதில்லை. அறுவடையில் நெல்லை அவரிடமே போட வேண்டும், குவிண்டாலுக்கு நூறு ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்வார். நான்கு மாதத்துக்கு 50,000 ரூபாய் தருகிறார். இதில் என்ன தவறு? (அறந்தாங்கி)

பதில்: அவர் வட்டி கேட்காமல் இல்லை, விலையில் கேட்கிறார். நீங்கள் அவரிடம் 60 குவிண்டால் போட்டால் விலைக் குறைப்பு மட்டும் 6,000 ரூபாய். 50,000 ரூபாய்க்கு நான்கு மாதத்தில் 6,000 ரூபாய் என்பது 12 விழுக்காடு. ஆண்டுக்கு 36 விழுக்காடு. ஊர்ப் பேச்சில் சொன்னால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. எடையிலும் ஈரப்பதத்திலும் கழிப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆகவே அதை நான் சேர்க்கவில்லை. கடன்பட்டவர் தராசுக்கு முன் நின்று வாதாட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு; தவணைக்குள் திருப்பிக் கட்டினால் 3 விழுக்காடு ஊக்கத்தொகையாகத் திரும்பி, நிகர வட்டி 4 விழுக்காடாகிறது. அதே 50,000 ரூபாய்க்கு நான்கு மாதத்துக்கு அது 667 ரூபாய்தான். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. அலைச்சல் இருக்கிறது என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 6,000 ரூபாயை மிச்சப்படுத்தச் சில நாட்கள் அலையலாமா என்று கேட்டால், அலையலாம் என்றே சொல்வேன். அந்த வேலையைப் பயிர் முளைத்த பிறகு தொடங்காமல், சாகுபடிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும்.

கடன் அட்டையைப் பற்றிப் பலரும் கவனிக்காத சில விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரே தடவையில் எடுத்துத் தீர்க்க வேண்டிய கடன் அல்ல. தேவைப்படும்போது எடுத்து, பணம் வந்தபோது போட்டு, எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி கட்டும் சுழற்சிக் கணக்கு. அனுமதித்த நாளன்றே முழுத் தொகையையும் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்பவர்கள், நடவுக்கும் மேலுரத்துக்கும் தேவைப்படும் வரை வீணாக வட்டி சுமக்கிறார்கள். கடன் வரம்பைப் பயிரின் பரப்பையும், மாவட்ட அளவிலான குழு ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் முடிவு செய்யும் கடன் அளவையும் பெருக்கியே கணக்கிடுகிறார்கள். அதன் மேல் வீட்டுத் தேவைக்கும் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் 10 விழுக்காடும், பண்ணைக் கருவிகளின் பராமரிப்புக்கு 20 விழுக்காடும் சேர்ப்பதற்கு விதியில் இடம் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். தெரிந்தவரிடம் பேசும் முறையே வேறாக இருக்கும்.

பயிர்க் காப்பீடும் இத்துடன் சேர்ந்தது. கடன் வாங்கியவர்களுக்கும் 2020 காரிப் பருவத்திலிருந்து அது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கி தொகையைப் பிடித்துக் கட்டிவிடும் என்பதே பொதுவான நடைமுறை என்றாலும், பிடித்தார்களா, எந்தப் பயிருக்கு, எந்தக் கிராமத்தின் பெயரில் என்று கணக்குப் புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு. இதைச் செலவுப் பக்கத்தில் விதைக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் நிலம் வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்ப்பதை நான் ஒப்பவே மாட்டேன்.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் மூன்று கறவை மாடுகளும் வைத்திருக்கிறோம். தேங்காய்ப் பணம் கணவர் கையில். பால் பணம் என் கையில், அதில்தான் மளிகை ஓடுகிறது. மாட்டில் லாபம் இல்லை, விற்றுவிடலாம் என்று அவர் சொல்கிறார். உண்மையில் லாபம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: மாட்டுக்குத் தனிக் கணக்கு எழுதாமல் இதற்கு விடை கிடையாது. பால் பணத்திலிருந்து தீவனம், மருத்துவர், சினை ஊசி ஆகிய செலவைக் கழிப்பதை நீங்களே செய்திருப்பீர்கள். தோப்பில் ஊடுபயிராக வளர்த்து அறுத்துப் போடும் பசுந்தீவனத்துக்கு மாட்டின் கணக்கிலிருந்து தோப்புக்கு விலை கொடுத்ததாகவும், தோப்புக்குப் போகும் சாணத்துக்குத் தோப்பின் கணக்கிலிருந்து மாட்டுக்கு விலை கொடுத்ததாகவும் எழுதுங்கள். ஒரு வண்டி எரு ஊரில் என்ன விலைக்குப் போகிறதோ அதே விலை. பெரும்பாலான வீடுகளில் எருவின் மதிப்பை மறந்துவிட்டு மாட்டை நஷ்டம் என்று முடிவு கட்டுகிறார்கள். கன்று வளர்ந்தால் அதன் மதிப்பு வரவு. மாட்டுக்கு வயதானால் அதன் விலை குறைவது செலவு.

இதற்குப் பிறகும் கையில் நிற்பது குறைவாக இருக்கலாம். அப்போதும் விற்பதற்கு முன் ஒன்றை எண்ண வேண்டும். தேங்காய்ப் பணம் வெட்டுக்கு வெட்டு மொத்தமாக வருவது. விலை சரிந்தால் அதுவும் இல்லை. பால் பணம் இடைவெளி இல்லாமல் வருவது. மளிகைக் கடையில் பாக்கி வைக்காமல் குடும்பம் நடப்பதற்கு அதுவே காரணம் என்றால், பாக்கி வைத்து வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவையும் மாட்டின் பக்கம் வரவாக வைத்தே உங்கள் கணவரிடம் பேசுங்கள். இரண்டு பேரின் கையிலும் இருக்கும் பணத்தை ஒரே நோட்டில் எழுதி, மாதத்தில் ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து பார்ப்பது இந்த வாதத்தைவிடப் பயனுள்ளது.

கேள்வி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எட்டு ஏக்கரில் கரும்பும் மணிலாவும் (நிலக்கடலை) பயிரிடுகிறோம். டிராக்டர் வாடகை மணிக்கு 1,100 ரூபாய் ஆகிறது. எட்டு லட்சம் ரூபாயில் சொந்த டிராக்டர் வாங்கிவிடலாம் என்று மகன் வற்புறுத்துகிறான்.

பதில்: பத்து ஆண்டு ஓட்டிய பிறகு இரண்டு லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்துக்கொண்டால், தேய்மானம் ஆண்டுக்கு 60,000 ரூபாய். இடைப்பட்ட காலத்தில் சராசரியாக ஐந்து லட்சம் அதில் முடங்கிக் கிடக்கும். அதற்குப் பத்து விழுக்காடு வட்டி 50,000 ரூபாய். காப்பீடும் பழுதும் 25,000 ரூபாய் என்று கொள்ளலாம். ஆக, வண்டி கொட்டகையில் நின்றாலும் ஆண்டுக்கு 1,35,000 ரூபாய் ஆகும். வாடகைக்குக் கொடுக்கும் 1,100 ரூபாயில் டீசலும் ஓட்டுநர் கூலியும் 550 ரூபாய் என்றால், சொந்த வண்டியால் ஒரு மணிக்கு மிச்சமாவது மற்றொரு 550 ரூபாய். அப்படியானால் ஆண்டுக்கு ஏறக்குறைய 245 மணி நேரம் ஓடினால்தான் வாடகைக்குச் சமமாகும். சென்ற ஆண்டு எத்தனை மணி நேரத்துக்கு வாடகை கொடுத்தீர்கள் என்று ரசீதுகளைப் பாருங்கள். எட்டு ஏக்கருக்கு அந்த அளவு ஆக வாய்ப்பில்லை. மீதி நேரத்துக்கு வெளி வேலை கிடைக்குமா, ஓட்டப்போவது மகனா, ஊரில் ஏற்கெனவே எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்ற மூன்றுக்கும் அவர் தெளிவான பதில் வைத்திருந்தால், அது டிராக்டர் வாடகைத் தொழிலாக நன்றாக நடக்கலாம். அப்போது அதன் கணக்கை நிலத்தின் கணக்கோடு கலக்காதீர்கள். சொந்த வயலில் ஓடிய நேரத்துக்கும் நிலம் டிராக்டருக்கு வாடகை கொடுத்ததாகவே எழுதுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலியில் பதிவு செய்யலாம் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

கரும்பு பயிரிடுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தர வேண்டும். ஆனால் பல ஆண்டுகளில் நிலுவை நீண்டிருக்கிறது என்பதை உங்கள் மாவட்டத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஆலையிலிருந்து வர வேண்டிய தொகையை ‘வரவேண்டியது’ என்ற தனிப் பக்கத்தில் எழுதுங்கள்; அது வங்கியில் ஏறும் வரை அதை நம்பி டிராக்டர் தவணையை ஏற்காதீர்கள்.

கேள்வி: விவசாயத்துக்கு வருமான வரி இல்லை என்ற பிறகு, கணக்கு எதற்கு? (தாராபுரம்)

பதில்: வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பது சரி. ஆனால் சம்பளமோ கடையோ போன்ற வேறு வருமானம் உங்களுக்கு வரி விதிக்கும் அளவில் இருந்து, வேளாண் வருமானமும் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், அந்த வேறு வருமானத்துக்கான வரி விகிதத்தை முடிவு செய்ய வேளாண் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பால், கோழி ஆகியவற்றின் வருமானம் வேளாண் வருமானமாகக் கருதப்படுவதில்லை. கணக்கு எதற்கு என்பதற்கு வரி ஒரு சிறிய காரணமே. மற்ற காரணங்கள் மேலே உள்ள கடிதங்களிலேயே இருக்கின்றன.

கேள்வி: லால்குடி அருகே அப்பா விட்டுச் சென்ற ஆறு ஏக்கரில் நெல்லும் வாழையும் நான் பயிரிடுகிறேன். தம்பி சென்னையில் வேலையில் இருக்கிறான். தங்கை திருமணமாகித் திருச்சியில் இருக்கிறாள். பாகம் இன்னும் பிரிக்கவில்லை. ‘வாழை நல்ல விலைக்குப் போனதே, எங்கள் பங்கு எங்கே?’ என்று தம்பி கேட்கிறான். புயலில் வாழை சாய்ந்த ஆண்டு நான் பட்ட கடனை அவன் கேட்கவில்லை. உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் தம்பி கேட்பது தவறல்ல. நீங்கள் வருந்துவதும் தவறல்ல. மூவருக்கும் பொதுவான ஒன்றும், உங்களுக்கு மட்டுமே உரிய சிலவும் ஒரே தொகைக்குள் கலந்து கிடப்பதால் வந்த சிக்கல் இது.

பொதுவானது நிலம். நிலத்துக்கு உரியது குத்தகை. உங்கள் ஊரில் இதே தரமான வாழைக்கொல்லைக்கும் நஞ்சைக்கும் வெளியார் என்ன குத்தகை கொடுக்கிறார்கள் என்று ஊரில் மூன்று பேரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆறு ஏக்கருக்கான அந்தத் தொகையை மூன்றாகப் பிரித்து, தம்பிக்கும் தங்கைக்கும் ஆண்டுதோறும் அனுப்பிவிட்டு, உங்கள் பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாழை விலை ஏறினாலும் இறங்கினாலும் குத்தகை குத்தகைதான். வெளியாரிடம் விட்டிருந்தாலும் அவர்களுக்கு அதுதான் கிடைத்திருக்கும். சாகுபடியில் போட்ட முதல், பட்ட கடன், உழைப்பு, முட்டுக் கொடுத்துக் காத்த பயிர், புயலின் ஆபத்து ஆகிய அனைத்தும் உங்களுடையவை. ஆகவே அவற்றின் லாபமும் நஷ்டமும் உங்களுடையவை. சகோதரர் என்பதற்காகக் குத்தகையைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொண்டால் வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் எவ்வளவு குறைத்தார்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

ஒருவேளை தம்பியும் முதல் போட்டுக் கூட்டாகச் செய்ய விரும்பினால் முறை வேறு. அப்போது குத்தகையைக் கொடுத்துவிட்டு, உங்கள் நாட்களுக்குக் கூலியும், ஆள் வைத்து, தண்ணீர் பார்த்து, வியாபாரியோடு பேசி நடத்துவதற்கு ஒரு மேற்பார்வைச் சம்பளமும் உங்களுக்கு எடுத்த பிறகு எஞ்சுவதை, இருவரும் போட்ட பணத்தின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். நஷ்டத்தையும் அதே விகிதத்தில் அவர் ஏற்க வேண்டும். புயல் ஆண்டில் பட்ட கடனை இப்போது இந்தக் கணக்கில் நுழைக்காதீர்கள். அந்த ஆண்டில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அதைப் பழைய பாக்கி என்று தனியே பேசி, அவர் மனமுவந்து எதை ஏற்கிறாரோ அதோடு முடித்துக்கொள்வதே உறவுக்கு நல்லது.

தங்கையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போன்ற உரிமையைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கியது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அதை நாடு முழுவதற்குமாக விரித்தது. அப்பா தாமே சம்பாதித்து வாங்கிய நிலமாக இருந்து, உயில் எழுதாமல் இறந்திருந்தாலும், அதில் மகளின் பங்கு மகனின் பங்குக்குச் சமமே. சீர் செய்தது, நகை போட்டது எல்லாம் வேறு. நிலத்தின் குத்தகையில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அதை அவர் வேண்டாம் என்று சொன்னால், சொன்ன ஆண்டில் அப்படிச் சொன்னார் என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் அனுப்பிப் பாருங்கள்.

அம்மா இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு; அப்போது பிரிப்பது நான்காகலாம். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றிக் குறிப்பு இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் கூடும்போது நோட்டைத் திறந்து படித்துக் காட்டுங்கள். பொங்கலுக்கு எல்லோரும் வருவார்கள் என்று அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அப்போது சம்பா அறுவடை முடிந்திராது, பேச்சு முழுவதும் ஊகமாகவே இருக்கும். நெல் பணம் வங்கியில் ஏறி, உரக்கடை பாக்கியும் தீர்ந்த பிறகு, பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விடும் சித்திரையில் ஒரு நாளைக் குறித்து, தம்பிக்கும் தங்கைக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.